பரிசல் ஓடாத நாளில் ஒகேனக்கல்

கெம்பம்மா உள்ளங்கையில் மிளகாய்த்தூளைக் குவித்து வைத்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் கல் காய்ந்து எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. கழுவி, கீறி, உப்பு தடவிய வாளை மீன் துண்டுகள் அலுமினியத் தட்டில் காத்திருந்தன.

"ஏன்க்கா, உங்க வூட்டுக்காரருக்கு காரம் ஆவுமா? எவ்ளோ போடட்டும்?"

அவள் கேட்டது வசந்தா அம்மாவை. வசந்தா அம்மா திரும்பி மாதையனைப் பார்த்தார். மாதையன் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

விஷயம் என்னவென்றால், அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஆகுமா ஆகாதா என்பது அன்று சாயங்கால ரயிலுக்குள் தெரிந்தாக வேண்டும். அன்றைக்குக் காலையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் முதல்முறையாகப் பார்த்திருந்தார்கள்.

வழி கேட்பவர்களுக்கு

இந்த வாரம் தருமபுரிப் பக்கம் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குப் பயன்படும்படி எழுதுங்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டவன் நான். லாரி கிளீனராக ஆரம்பித்து, இன்று என் பெயர் எழுதிய வேன்கள் நான்கு ஓடுகின்றன. போனுக்குள் இருந்து வழி சொல்கிறாளே ஒரு பெண், அவள் பென்னாகரம் பக்கம் வந்தால் இந்த ஜப்பாரிடம் கேட்டுத்தான் திரும்ப வேண்டும்.

ஆகவே முதல் யோசனை. சென்னையிலிருந்து வருபவர்கள் மொரப்பூரில் இறங்குங்கள். தருமபுரி ஊருக்குள் இருக்கும் ஸ்டேஷன் பெங்களூர், சேலம் வண்டிகளுக்கானது. இது தெரியாமல் தருமபுரிக்கு டிக்கெட் கேட்டு கவுண்டரில் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். மொரப்பூரில் ரயில் மூச்சு விடுகிற நேரம்தான் நிற்கும். மூட்டை முடிச்சுகளோடு முன்னாலேயே கதவருகே வந்துவிடுங்கள்.

இரண்டாவது, மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள். பின்னால் உட்கார்ந்துகொண்டு கூச்சப்பட்டால் நஷ்டம் பக்கத்தில் இருப்பவருக்கு.

மூன்றாவது, ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்களிடம் தலையைக் கொடுப்பதென்றால் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுங்கள். சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தால் அவர்கள் தட்டுகிற தட்டில் மீன் மறுபடியும் ஆற்றுக்குப் போய்விடும்.

நான்காவது யோசனையைச் சொல்ல வேண்டுமானால் மாதையன் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

மருமகள் பேசிய பேச்சு

மாதையன் பாப்பாரப்பட்டியில் புளி வியாபாரம் செய்கிறவர். என் முதல் வேனில் முதல் சவாரி வந்தவர் அவர்தான். சித்தேரி, வத்தல்மலை என்று மலைமேல் உள்ள ஊர்களில் மரத்தைப் பார்த்தே காயை விலை பேசுவார். சந்தையில் அவர் குரல் நாலு கடை தாண்டிக் கேட்கும். சம்சாரம் தவறிப்போய் சில வருஷங்கள் ஆகின்றன. மகன் ஓசூரில் வேலையாக இருக்கிறான். இவர் இங்கே தனியாக.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது மகன் இல்லை, மருமகள் கவிதா. அந்தப் பெண் நர்ஸ். சென்னையில் வேலை பழகிய காலத்தில் அவளுக்கு மூத்த நர்ஸாக இருந்தவர் வசந்தா அம்மா. தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதிலேயே வயது போய், கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்துவிட்டவர். ரிட்டையர் ஆகும் காலம் நெருங்கிவிட்டது. 'எங்க மாமனாரைப் பாக்கறீங்களாக்கா?' என்று கவிதா கேட்டிருக்கிறாள். மாமனாருக்குப் பெண் பார்த்த மருமகள் என்று என் சர்வீஸில் நான் அவள் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன்.

வசந்தா அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு நாள் வருவேன், நேரில் பேசிப் பார்ப்பேன், அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவேன், இன்னொரு தடவை அலைய மாட்டேன் என்றுவிட்டார். வீட்டில் வைத்துப் பார்த்தால் பாப்பாரப்பட்டியே ஜன்னலில் வந்து நிற்கும். அதனால் ஒகேனக்கல் என்று முடிவாயிற்று. இரண்டு பேரையும் ஒரு பரிசலில் உட்காரவைத்துவிட்டால் தண்ணீர் நடுவில் தானாகப் பேச்சு வரும் என்பது கவிதாவின் கணக்கு.

முதல்நாள் எனக்கு போன் செய்தாள்.

"மாமா, நாளைக்கு வேற டிரைவர அனுப்பாதீங்க. நீங்களே போங்க. உங்கள நம்பித்தான் விடறேன்."

"நான் இருக்கறப்ப உனக்கு என்னாம்மா கவல?"

"நீங்க இருக்கறதுதான் மாமா கவல. வண்டில கொஞ்சம் கம்முனு வாங்க. அவங்க பேசட்டும்."

வேனுக்குள் ஒரே ஒரு குரல்

மொரப்பூரில் வசந்தா அம்மா இறங்கினார். பருத்திப் புடவை, தோளில் ஒரு பை, காலில் நடப்பதற்குத் தோதான செருப்பு. மாதையன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றார். 'வாங்க' என்றார். அவ்வளவுதான். சந்தையையே அதட்டுகிற வாய் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

நான் கம்மென்று வரத்தான் நினைத்தேன். ஆனால் மூன்று பேர் இருக்கிற வண்டியில் மூன்று பேரும் பேசாமல் வந்தால் அது வேறு மாதிரி வண்டி ஆகிவிடும். எனவே ஊர் சொல்ல ஆரம்பித்தேன். வத்தல்மலைக்கு எத்தனை வளைவு ஏற வேண்டும், மேலே காப்பிச் செடி எப்படி இருக்கும், விடிகாலையில் போனால் மேகம் எப்படிக் காலுக்குக் கீழே நிற்கும் என்று சொன்னேன். சித்தேரிக்குப் போனால் சாமை வாங்குங்கள், தேன் வாங்குங்கள், அங்கே இருப்பவர்களைப் போட்டோ எடுப்பதென்றால் முதலில் கேட்டுவிட்டு எடுங்கள் என்று சொன்னேன்.

வசந்தா அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டார். அந்த அளவு ஆசையாகக் கேட்ட பயணியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாதையன் பின்சீட்டில் தம் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பென்னாகரத்தில் டீக்கு நிறுத்தியபோது கவிதா போனில் கூப்பிட்டாள்.

"ஏதாச்சும் பேசினாங்களா மாமா?"

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லம்மா. நான் பேசிட்டேதான் வர்றேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

ஒகேனக்கல் போய்ச் சேர்ந்தால் அடுத்த சோதனை. கர்நாடகத்தில் மழை. காவிரி செம்மண் நிறத்தில் பாறைகளை மூடிக்கொண்டு ஓடியது. பரிசல் எல்லாம் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குளிக்கவும் தடை, பரிசலுக்கும் தடை. போலீஸ்காரர் கயிறு கட்டி நின்றிருந்தார்.

மாதையன் கயிற்றைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். அவருக்கு இருந்த ஒரே வழியும் போய்விட்டது போல நின்றார்.

நான்காவது யோசனை இதுதான். பரிசல் ஓடாத நாளில் ஒகேனக்கல் வந்துவிட்டால் திரும்பிப் போகாதீர்கள். மீனை வாங்கிக்கொண்டு கெம்பம்மாவிடம் போங்கள்.

அடுப்பங்கரைச் சட்டம்

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒகேனக்கல்லில் நீங்களே மீன் வாங்கலாம். கண் பளபளவென்று, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, எண்ணெயும் மசாலாவும் வாங்கி, அங்கே அடுப்பு வைத்திருக்கும் சமையல்காரப் பெண்களிடம் கொடுத்துவிட்டால் உங்கள் கண் முன்னாலேயே குழம்பும் வறுவலும் ஆகிவிடும். கெம்பம்மா அதில் பழைய ஆள். பெங்களூர்க்காரர்கள் வந்தால் கன்னடத்தில் 'ஊட்டா ஆய்த்தா', சாப்பாடு ஆச்சா என்று விசாரிப்பாள், நம் ஆட்கள் வந்தால் தமிழில் அதட்டுவாள்.

அந்த அடுப்புகளுக்கு ஒரு சட்டம் உண்டு. காரம் எவ்வளவு என்று ஆம்பளைகளிடம் கேட்க மாட்டார்கள். கேட்டால் எல்லா ஆம்பளையும் 'நல்லா காரமா போடு' என்றுதான் சொல்வான். சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வழிய மோருக்கு அலைவான். அதனால் கூட வந்திருக்கும் பெண்ணிடம் கேட்பார்கள். வீட்டுக்காரிக்குத்தானே வீட்டுக்காரன் வயிறு தெரியும்.

என் கல்யாணம் ஆன புதிதில் நானும் என் வீட்டுக்காரியை அங்கே கூட்டிப் போனேன். அன்றைக்கு அடுப்பில் இருந்த அம்மா அவளிடம் இதையே கேட்டார். 'அவரு எப்படிப் போட்டாலும் சாப்புடுவாரு, கொற சொல்லிட்டே சாப்புடுவாரு' என்றாள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் என்னை அளந்துவிட்டாள். இன்றுவரை அந்த அளவில் மாற்றம் இல்லை.

ஆக, கெம்பம்மா அன்று தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு மனிதர், பக்கத்தில் ஒரு அம்மா. எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

காரம்

"என்னாக்கா, கல்லு காயுது. காரம் ஆவுமா, ஆவாதா?"

வசந்தா அம்மா தயங்கியது கொஞ்ச நேரம்தான். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் கேட்பது போல மாதையன் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"ஏங்க, உங்களுக்கு காரம் ஒத்துக்குமா?"

அன்றைக்கு அவர் மாதையனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மாதையன் வாயைத் திறந்தார். வழக்கமான ஆம்பளைப் பதில் வரும் என்று நான் நினைத்தேன்.

"ஆவாதுங்க," என்றார். "நெஞ்சு எரியும். ஆனா ஆவும்னு சொல்லித்தான் சாப்புட்டுட்டு வர்றேன்."

"ஏன் அப்படி?"

"ஓட்டல்ல போயி காரம் கொறச்சுப் போடுன்னா சிரிப்பானுங்க. மவன் வூட்டுக்குப் போனா அவனுக்கு காரம் வேணும். அந்தப் புள்ள வேலைக்கும் போயிட்டு எனக்குன்னு தனியா ஆக்குமா? அதனால சொல்றதில்லீங்க." அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாரும் கேக்கவும் இல்லீங்க."

வசந்தா அம்மா கெம்பம்மாவிடம் திரும்பினார். "இவருக்கு எடுத்து வைக்கறதுல மஞ்சளும் மிளகும் மட்டும் போடுங்க. என்னுதுல நல்லா காரமா போடுங்க. எனக்கு காரம் இல்லாம எறங்காது."

கெம்பம்மா கையிலிருந்த தூளோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னாக்கா இது, வூட்டுக்காரருக்கு காரம் ஆவுமான்னு இப்பத்தான் கேக்கற?"

"இப்பத்தான் கேக்கறேன். இன்னும் வூட்டுக்காரர் ஆவலியே."

கெம்பம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது. மீனைக் கல்லில் போட்டாள். சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தில் மாதையன் முதல்முறையாகச் சிரித்தார். வசந்தா அம்மாவும் சிரித்துவிட்டார். நான் மெதுவாக எழுந்து, தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறவன் மாதிரி ஆற்றுப் பக்கம் நடந்தேன்.

கவிதா கூப்பிட்டாள். "மாமா?"

"பேசறாங்கம்மா."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"தூரமா இருக்கேன்."

"அங்கயே இருங்க மாமா," என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

விளக்கு என்ற சொல்

நான் திரும்பி வந்தபோது இருவரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். வசந்தா அம்மா பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்கு லீவு கெடைச்சதெல்லாம் அடுத்தவங்களுக்கே போச்சுங்க. தங்கச்சி பிரசவம், தம்பி ஆபரேஷன், அவன் பொண்ணு பரீட்சை. எங்கயாவது போய் எதையாவது பாக்கணும்னு லீவு போட்டதே இல்ல. இன்னிக்குத்தான் போட்டேன். அருவி மூடிக் கெடக்கு." சிரித்தார். "நான் வந்தா உங்களுக்கு என்ன எதிர்பார்ப்புன்னு சொல்லுங்க. நேரா சொல்லுங்க."

மாதையன் யோசித்தார். காரத்துக்கு உண்மை சொன்ன அதே தைரியத்தில் இதற்கும் சொன்னார்.

"வூடு பூட்டியே கெடக்குதுங்க. பொழுது சாஞ்சா வெளக்கு ஏத்த ஒரு ஆளு வேணும்."

வசந்தா அம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அதுக்கு வேலைக்கு ஆளு வெச்சுக்கலாமேங்க," என்றார். எழுந்து கை கழுவப் போனார்.

திரும்பும் வழியில் நான் ஊர் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் பென்னாகரத்திலிருந்து மொரப்பூர் வரை வாய் திறக்காமல் வண்டி ஓட்டியது அந்த ஒரு நாள்தான். வசந்தா அம்மா ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் வெளியே பார்க்கவில்லை.

மொரப்பூரில் அவர் முன்னால் நடக்க, நான் மாதையனைப் பிடித்து நிறுத்தினேன்.

"யோவ், அந்தம்மா வாழ்க்க முழுக்க அடுத்தவங்களுக்கு ஓடினவங்க. அவங்ககிட்டப் போயி வெளக்கேத்த வான்னு சொன்னா?"

"நான் அப்படிச் சொல்ல வர்ல பாய்."

"என்கிட்டச் சொல்லி என்னாய்யா பிரயோஜனம்? ரயிலு வர்றதுக்குள்ள அங்க போயி சொல்லு."

பிளாட்பாரத்தில் வசந்தா அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாதையன் எதிரில் போய் நின்றார். உட்காரவில்லை.

"ஏங்க, அது நான் சொல்ல வந்தது வேறங்க. வெளக்க நானே ஏத்திக்கறேன். சோறும் நானே ஆக்கறேன், அதெல்லாம் பழகிடுச்சு. மலைக்குப் போயிட்டு வந்து, இன்னிக்கு இன்னாரப் பாத்தேன், இந்த மரத்துல இப்படிக் காச்சிருக்குதுன்னு சொல்றதுக்கு ஆளு இல்லீங்க. அதச் சொல்ல வந்தேன். வாயில வேற வந்துடுச்சு."

வசந்தா அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரயில் வந்துவிட்டது. மொரப்பூரில் ரயில் யாருக்காகவும் காத்திருக்காது. மாதையன் பையைத் தூக்கிக் கொடுத்தார். வசந்தா அம்மா ஏறினார். ரயில் நகர்ந்தது. பதில் வரவில்லை. ரயில் போன திசையைப் பார்த்துக்கொண்டு மாதையன் நின்றார். வெள்ளைச் சட்டையில் மீன் எண்ணெய் தெறித்திருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

பாப்பாரப்பட்டி வந்தது

தருமபுரியைத் தாண்டும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மாதையன் முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்தார்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. கவிதாவாக இருக்கும் என்று நினைத்து, எடுக்கவே யோசித்தார். பிறகு எடுத்தார். பழைய போன், அந்தப் பக்கம் பேசுவது எனக்கே நன்றாகக் கேட்டது.

"வூட்டுக்குப் போயிட்டீங்களா?"

வசந்தா அம்மா. ரயில் ஓடும் சத்தம் பின்னால் கேட்டது. ஊருக்குப் போகிறவர் ரயிலில் இருந்துகொண்டு, வீட்டுக்குத் திரும்புகிறவரை விசாரிக்கிறார். பயணம் போகிறவர்களுக்கு நான் எத்தனையோ யோசனை சொல்லியிருக்கிறேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

"இன்னும் போவலீங்க," என்றார் மாதையன். "போயிட்டிருக்கேன்."

"ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"களி கிண்டிக்குவேங்க. கீரை இருக்குது."

"சரி. மிளகாய கிள்ளிப் போடாதீங்க. அடுத்த மாசம் எனக்கு ரெண்டு நாள் லீவு இருக்கு. பாய் சொன்னாரே, மேகம் காலுக்குக் கீழ நிக்கும்னு. அது பொய்யா, நெசமா?"

மாதையன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"நெசந்தாங்க. ஆனா பாய் சொல்ற அளவுக்கு எல்லா நாளும் இருக்காது. நான் சொல்றேன் கேளுங்க, மொத வளைவு ஏறும்போதே..."

அவர் பேச ஆரம்பித்தார். சந்தைக் குரல் இல்லை அது, நான் அதுவரை கேட்காத குரல். எந்த மரம் எந்த வருஷம் காய்த்தது, மேலே யார் வீட்டில் சாமைச் சோறு போடுவார்கள், மழை வருமுன் மலை எப்படி வாசனை அடிக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் 'ம்' என்றும் 'அப்பறம்' என்றும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பாப்பாரப்பட்டி வந்தது. அவர் தெரு வந்தது. அவர் பேசி முடித்திருக்கவில்லை. நான் வேகத்தைக் குறைக்காமல், அந்தப் பூட்டிய வீட்டைத் தாண்டி, நேராக வண்டியை விட்டேன்.